மாமா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேண்டாம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் மகளும் பிள்ளைகளும் நலம். நானும் உடம்பளவில் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ‘விண்வெளித் தொலைநோக்கியை ஓட்டும் என் மாப்பிள்ளை’ என்று எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்து, மாடிப்படி முழுக்க அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்களாம். தயவுசெய்து கிழித்துவிடுங்கள். முதலில், நான் எதையும் ஓட்டவில்லை. அந்தத் தொலைநோக்கி நான் வேலைக்குச் சேருமுன்பே மேலே போய்விட்டது. நானும் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்த்த அதே படத்தில். வானத்தில் எந்த இடத்தை எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்று வானியலாளர்கள் எழுதி அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் அவர்களையே கேட்டு, அட்டவணைக்கு அனுப்புவதுதான் என் வேலை. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதன்முதலில் “மாப்பிள்ளைதான் ஓட்டுறாரு” என்று சொன்னபோதே மறுத்திருக்கவேண்டும். உங்கள் முகம் வாடிவிடுமே என்று அசட்டுச் சிரிப்போடு நின்றுவிட்டேன். இந்தக் குணம்தான் இப்போது என் மானத்தை வாங்கியிருக்கிறது.

போன மாதம் ஒரு பேராசிரியை அம்மாவின் திட்டம் என் மேசைக்கு வந்தது. வருடக்கணக்காக விண்ணப்பித்து, நடுவர்களிடம் மல்லுக்கட்டி வாங்கிய நேரம். அவர் குறித்திருந்த இடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி. கொஞ்சம் தள்ளி ஒரு விண்மீன் மண்டலம் பளபளவென்று இருந்தது. பாவம், இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். கேட்டிருக்கவேண்டும், கேட்பதுதான் விதி. ஆனால் அவ்வளவு பெரிய மனுஷியிடம் ‘தப்பா எழுதிட்டீங்க’ என்று எந்த வாயால் சொல்வது, அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசித்து, காதும் காதும் வைத்தாற்போல் நானே திருத்தி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் நிம்மதியாகத் தூங்கினேன் மாமா. அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

படங்கள் வந்ததும் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தணிந்த குரலில் பேசினார்.

“தம்பி, படம் பூரா வெளிச்சமா இருக்கே. நான் கேட்டது பக்கத்துல இருக்கிற வெத்து இடத்தையில்ல?”

“அங்க ஒண்ணுமே இல்லையேம்மா.”

“ஒண்ணுமில்லைன்னு யாரு பாத்தாங்க? அதைப் பாக்கத்தானே நேரம் கேட்டேன்.”

ஒன்றுமில்லாதது போன்ற இடத்தை மணிக்கணக்காக உற்றுப் பார்த்தால்தான் மிகத் தொலைவில் மங்கலாக இருப்பவை தெரியவரும். இது எனக்குத் தெரியாததல்ல, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பளபளப்பைக் கண்டதும் புத்தி எங்கோ மேயப் போய்விட்டது. “விசாரிச்சுச் சொல்றேம்மா” என்று வைத்துவிட்டேன், விசாரிக்க வேறு ஆள் இருப்பதுபோல. அப்புறம் எங்கள் பிரிவுத் தலைவர் எல்லோரையும் கூட்டிவைத்து, இடம் எப்படி மாறியது என்று கேட்டார். எங்கள் பிரிவு முழுக்க ஒரே கடவுச்சொல்லில் புழங்குவதால் யார் கை என்று கணினிக்குத் தெரியாது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, “கணினியே ஏதாச்சும் பண்ணியிருக்குமோ?” என்றேன். தவறு எங்கள் அலுவலகத்தினுடையது என்று ஒருவர் நேரம் ஒதுக்கும் குழுவின் முன் ஒப்புக்கொண்டால்தான் இழந்த நேரம் அந்த அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“அந்தம்மா கூச்சப்படக் கூடாதுன்னு திருத்துனீங்க. இப்ப நீங்க கூச்சப்படக் கூடாதுன்னு அவங்க நேரத்தையே முழுங்கப் போறீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நேற்றுக் குழுவின் முன் போய் நின்று, “நான்தான்” என்றேன். ஏன் கேட்கவில்லை என்றார்கள். “கூச்சமா இருந்துச்சு” என்றேன். குறிப்பெடுக்கிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்து, “அப்படியே எழுதிக்கவா?” என்று கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. தலைவர் வாசல்வரை வந்து, “இனிமே எதையும் திருத்தாதீங்க. கேளுங்க, போதும்” என்றார். வேலை போகவில்லை. முகம்தான் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை எப்படி மேடையேறுவேன்? இனி யார் மனம் நோகுமோ என்று பார்த்து உண்மையை மூடிமறைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்: போன முறை நீங்கள் வாங்கித்தந்த சட்டை எனக்குப் பிடிக்கவேயில்லை. மன்னிக்கவும்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் முத்தம் அனுப்பச் சொன்னார்கள்.

தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் அந்த அம்மாவின் புதுத் திட்டம் வந்துவிட்டது. பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே தவறு. இடம் தெற்கு வானத்தில் இருக்கிறது என்று காட்டும் கழித்தல் குறியை விட்டுவிட்டார். அப்படியே போனால் தொலைநோக்கி வடக்கே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். விதிப்படி கூப்பிட்டுக் கேட்டேன் மாமா. அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “உங்களை அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சுட்டு, இப்ப நானே இப்படி…” என்று இழுத்தார். என்னால் தாங்கமுடியவில்லை. “இல்லைம்மா, நீங்க சரியாத்தான் அனுப்பியிருந்தீங்க. இங்க நான்தான் கைதவறி அழிச்சிட்டேன். குறி போட்டுடலாம்ல?” என்று சொல்லிவிட்டேன். அவர் போடச் சொன்னார். பெருமூச்சு விட்டார். “தம்பி, நீங்க இன்னும் திருந்தலையா?” என்று கேட்டார்.

“இல்லைம்மா,” என்றேன்.