முதலாளி ரயிலுக்கு நான் கட்டிய மேல்பாதை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை எழுதவே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, மனைவி படிப்பாள். ஆனால் பயந்தவன் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடப்பான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உள்ளே மனசு நடுங்கிக்கொண்டிருக்கும், வாய் அது பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பட்டறையில் நான் டெம்பரரி ஃபிட்டர். செவ்வாப்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் வசந்தா. அன்று அவள் கொடுத்த காபியைச் சிந்தாமல் குடிக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு என் கதை முடிந்தது. அவளுடைய அப்பாதான் பிரச்சினை. நிஜ ரயில் ஓட்டுகிற இன்ஜின் டிரைவர். அவர் இருமினாலே நான் எழுந்து நிற்பேன்.

"தம்பி மொதல்ல பர்மனென்ட் ஆவட்டும். அப்பால பத்திரிக்கை அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் முதலாளியிடம் ஒரு பொம்மை ரயில் இருந்தது. (பொம்மை என்று அவர் காதில் விழச் சொன்னவன் அதோடு தொலைந்தான்.) வெளிநாட்டிலிருந்து அவர் தம்பி அனுப்பியது. தண்டவாளத்தில் கரண்டு பாய்ந்தால்தான் ஓடும். வருஷம் பூராவும் பீரோவில் தூங்கும். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்து, மேஜைமேல் சாமி படத்தைச் சுற்றி ஓடவிடுவார். பின்னால் வரும் பெட்டிகளில் பொரியும் கடலையும் பயணம் செய்யும். அந்த வருஷம் பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் வாய் திறந்தது.

"மொதலாளி, சும்மா கீழயே சுத்திக்கினு இருக்குதே. மேல ஒரு பாதை கட்டி, சாமி தலைக்கு மேல போயி எறங்குனா எப்டி இருக்கும்!"

முதலாளி ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். கோபமானாலும் சந்தோஷமானாலும் நைனா என்றுதான் கூப்பிடுவார். எது என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

"கட்டு நைனா. நல்லா ஓடிச்சுன்னா அன்னிக்கே பர்மனென்ட் ஆர்டர். இன்ஜின் தரையில வுழுந்துச்சுன்னா, நீயும் அப்டியே கேட்டுக்கு வெளிய போயி வுழுந்துக்கோ."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பேக்கிங் பெட்டிப் பலகைகளை அறுத்துக் கட்டைகள் செய்தேன். முதல் கட்டை தீப்பெட்டி உயரம், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று ஏற்றிக்கொண்டே போய், மேலே மெல்லிய பலகை பரப்பித் தண்டவாளத்தைப் பூட்டினேன். முதல் தடவை ஏற்றம் செங்குத்தாகப் போய்விட்டது. இன்ஜின் பாதியில் நின்று உறுமியது. எல்லாவற்றையும் பிரித்து, இன்னொரு மேஜையைச் சேர்த்துப் போட்டு, ஏற்றத்தை நீட்டி இழுத்தேன். இப்போது ஏறியது. ஆனால் உச்சியில் வளைவு திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயும் பாருங்கள், நானும் கூடவே அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

"இன்னாடா இது, ஏர்றது இன்ஜினு, உனக்கு வேர்க்குது?" என்று லேத்து ஓட்டுகிற ஏகாம்பரம் கேட்டார்.

பூஜை நாள் வந்தது. ஏகாம்பரம் லேத்து, ட்ரில்லிங் மிஷின், டெலிபோன் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் வசந்தாவின் அப்பா. பின்னால் வசந்தா. முதலாளிதான் என் பெருமையைப் பார்க்கட்டும் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார், பாவம். இன்ஜின் விழப்போகிறது, வேலை போகப்போகிறது, இவளை வேறு எவனோ கட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று தலைக்குள் ஒரே இரைச்சல்.

அந்தப் பயத்தில்தான் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கினேன். எல்லா மிஷினையும் காப்பாற்றுகிற சாமி இதை மட்டும் கைவிட்டுவிடுமா? ஏற்றம் முழுக்க, மூட்டுக்கு மூட்டு, தண்டவாளத்தின்மேல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அப்புறம் ஃபிட்டர் புத்தி போகுமா, சுலபமாக வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று எண்ணெயும் தடவினேன்.

"போதும்டா டேய், கல்யாணப் பொண்ணுக்கே இவ்ளோ வெக்க மாட்டாங்க" என்றார் ஏகாம்பரம்.

சந்தனம் இருக்கிற இடத்தில் கரண்டு போகாது, எண்ணெய் இருக்கிற இடத்தில் சக்கரம் பிடிக்காது. இரண்டுமே எனக்குத் தெரியும். சாமி காரியத்தில் அந்தச் சட்டமெல்லாம் செல்லாது என்று நினைத்துவிட்டேன்.

கற்பூரம் காட்டினார்கள். முதலாளி விசையைத் திருப்பினார். சமதரையில் ரயில் ஜம்மென்று போனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏற்றத்தில் பாதி ஏறியது. நின்றது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விசையை முழுசாகத் திருகினார். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறி பிடித்துச் சுழன்றன. அவருடைய வெள்ளைச் சட்டையில் சந்தனம் தெறித்தது. பிறகு ரயில் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிறகு மெதுவாக இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சடசடவென்று பொரி கொட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், முன் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வசந்தாவின் அப்பா தலையெல்லாம் பொரி. மடியில் இன்ஜின். இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

முதலாளி, "யாருடா..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"நான்தான் மொதலாளி! சந்தனம் நான்தான்! எண்ணெயும் நான்தான்! ஏகாம்பரண்ணன் ஒண்ணுமே பண்ணல! போன வாரம் ட்ரில் பிட்டு ஒடைஞ்சுதே, அதுவும் நான்தான்!"

(ட்ரில் பிட்டைப் பற்றி யாருமே கேட்கவில்லை.)

"நைனா" என்றார் முதலாளி. இந்தத் தடவை கோபமா சந்தோஷமா என்பதில் சந்தேகமே இல்லை. "இன்ஜின் தரையைத் தொடல, அதனால வேலை பொழைச்சுது. பர்மனென்ட்டுன்னு மட்டும் இந்த வருசம் எங்கிட்ட வந்து நிக்காத."

எல்லாம் போச்சு என்று நின்றேன். வசந்தா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாளே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவள் அப்பா எழுந்தார். பொரியைத் தட்டினார். இன்ஜினைப் பத்திரமாக முதலாளி கையில் கொடுத்தார்.

"மொதலாளி, பர்மனென்ட்ட நீங்க அப்பால பண்ணுங்க. பொண்ண நான் இப்பவே குடுத்துடறேன்."

"இந்தப் பேஜாருக்கா?"

"கேக்கறதுக்குள்ளயே ட்ரில் பிட்டு வரைக்கும் ஒத்துக்கினான் பாத்தீங்களா? இவனால எம்பொண்ணுகிட்ட ஒரு பொய் சொல்லிட்டு ஊட்டுல குந்த முடியும்ன்றீங்க?"

வசந்தா முந்தானையை எடுத்துவிட்டாள். அவள் அழவே இல்லை.

அவர் கணித்தது சரியாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் இன்றுவரை எது உடைந்தாலும் யாரும் விசாரிப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பதோடு சரி. பேரன் டீவி ரிமோட்டை உடைத்ததற்குக்கூட நான்தான் ஒத்துக்கொண்டேன். அப்போது நான் திருவள்ளூர் மார்க்கெட்டில் இருந்தேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன வாரம் ஒரு சாயந்திரம் கரண்டு போய்விட்டது. தெருவே இருட்டு. எங்களுக்குக் கரண்டு தயாரிப்பது வள்ளூரில் இருக்கிற அனல்மின் நிலையத்தில். நான் தடவித் தடவி மெழுகுவர்த்தி தேடினேன். சமையலறையிலிருந்து வசந்தாவின் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, வள்ளூருக்கு எப்பப் போயி சந்தனம் வெச்சுட்டு வந்தீங்க?"