பின்னால் வந்த குடை

உலகத்தில் எந்த நாட்டு உளவுத்துறையிலும் குடை அங்கிளைப் போல ஊரே அறிந்த இரகசிய ஆள் இருந்திருக்க முடியாது. போர்க்காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் பெண்கள் விடுதி இருந்த ஒழுங்கை முனையில், வெயிலோ மழையோ, கறுப்புக் குடையோடு நிற்பார். தேநீர்க்கடைக்காரர் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கே கேட்கக் கத்துவார்: "இரகசியப் பொலிஸ் மாத்தையா, சீனி போடவா?"

"ரெண்டு கரண்டி!" என்று அவரும் பதிலுக்குக் கத்துவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க மன்னாரிலிருந்து வந்திருந்தேன். அந்தப் பெருமையில் சற்று நிமிர்ந்தே நடப்பேன். அந்த நடைதான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். மூன்று மாதம் என்னைப் பின்தொடர்ந்தார்; எதிர்ப்பட்டால் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்று சிங்களத்தில் கூப்பிடுவார். ஒருநாள் டியூசன் முடிந்து வரும்போது பெருமழை. பத்தடி பின்னால் வந்தவர் ஓடிவந்து என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார்.

"அங்கிள், நீங்க ஒளிச்செல்லோ வர வேணும்?"

"என்ன செய்ய நங்கி, குடை ஒண்ணுதானே. நீங்க காய்ச்சல்ல படுத்தா நான் யாருக்குப் பின்னால போறது?"

என் அறைத்தோழி ராஜி மட்டும் இதற்குச் சிரிக்கவில்லை. நான் அந்த விடுதிக்கு வருமுன், கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் வேலை செய்த அவளுடைய அண்ணன், சனிக்கிழமை தோறும் அவளுக்குக் கருவாட்டுப் பொரியல் கொண்டுவருவார். 'வாராவாரம் பொட்டலம்' என்று குடை அங்கிள் தன் கொப்பியில் எழுதினார். அந்த ஒரு வரிக்காக அண்ணன் நாலு மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தவருக்கு இடது காது கேட்கவில்லை.

"நீ அந்தாளின்ர குடைக்குள்ள போ. நான் நனையிறன்," என்றாள் ராஜி.

பரீட்சை நாள் காலை, சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்தார்கள். வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் விலாசம் பதிந்திருக்க வேண்டும்; விடுதி மாறினால் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். படிக்கிற அவசரத்தில் நான் மாற்றவில்லை. பதிவுத் துண்டில் பழைய விலாசம். ஒன்பது மணிக்குப் பரீட்சை. எட்டு மணிக்கும் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

எட்டேகாலுக்குக் குடை அங்கிள் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"எங்க போனீங்க நங்கி? எங்கெல்லாம் தேடுறது!" என்று முதலில் என்னைத்தான் ஏசினார். பிறகு அதிகாரி முன் கொப்பியை விரித்து, நான் போன இடங்களையும் வாங்கித் தின்றதையும் சிங்களத்தில் உரக்க வாசித்தார். நூலகம். பாண். டியூசன். நூலகம். பாண்.

"மூன்று மாசமும் இதுதானா?" என்றார் அதிகாரி.

"ஒருநாள் மட்டும் மீன் பணிஸ், சேர்."

பரீட்சை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

உளவுத்துறையால் நாட்டுக்கு நன்மையா, தீமையா என்று பெரியவர்கள் வாதிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு கொப்பி. அது எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது. ராஜியின் அண்ணனிடமிருந்து ஒரு காதைப் பறித்தது. தீமைதான் பெரிது என்று ராஜியோடு சேர்ந்து நானும் சொல்வேன்.

அந்த மழைக்காலம் முடியுமுன் அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். ஆனாலும், மழை தொடங்கினால் காலி வீதியில் இன்றும் என் நடை தானாக மெதுவாகிறது, பின்னால் வருபவர் எட்டிப் பிடிக்கட்டும் என்று.