எட்டுக்கால் தூண்டில்

எட்டுக் கோல்களும் எட்டு நீளத்தில் இருந்தன. அதுதான் தப்பு என்று இளமாறனுக்கு அப்போது தெரியாது.

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருந்த தன் வீட்டின் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாங்கி வந்த தூண்டில் கோல்களைக் குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாகப் படுக்க வைத்திருந்தான். ஆறடியில் ஆரம்பித்துப் பதினாறடியில் முடிந்தது. கடைசிக் கோலின் நுனி சமையலறைக்குள் நுழைந்து தோசைக்கல்லை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, எங்கியாச்சும் உறியடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி வெண்பா.

"ஸ்பைடர் ரிக்கிங், வெண்பா! படகுக்கு முன்னாடி எட்டு ராடையும் விசிறியாட்டம் விரிச்சு வெச்சுக்கிட்டு, மெல்ல மெல்ல நகர்ந்துக்கிட்டே போகோணும். தூரத்துல இருந்து பார்த்தா எட்டுக்கால் பூச்சி தண்ணி மேல நடக்கறாப்பலயே இருக்கும். கிராப்பி மீனைப் பிடிக்க இதுதான் வழி."

"இங்கிலீஷ்ல கிராப்பின்னா மட்டம்னுதானுங்களே அர்த்தம்? மட்டமான மீனுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அது வேற ஸ்பெல்லிங்."

உண்மையில் இளமாறனுக்கு மீன் பிடிக்கவே தெரியாது. திருச்செங்கோட்டுக்காரன். ரிக் என்றால் அவன் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரி. மீன் என்றால் குழம்பில் கிடப்பது.

வினை திங்கட்கிழமை வந்தது. பக்கத்து ஊரான இர்விங்கில் அவன் வேலை பார்க்கும் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த டைரக்டர் வெர்னன், ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசினார். இளமாறன் அங்கே ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவன். செப்டம்பரோடு கான்ட்ராக்ட் முடிகிறது. நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் கிரீன் கார்டு நகரும். இல்லையென்றால் மகள் தீக்ஷாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எடுப்பதும் விடுப்பதும் வெர்னன் கையில்.

"வீக்எண்ட்ல என்ன பண்ணுவே?" என்று வெர்னன் கேட்டார்.

மளிகைக் கடை, கோயில், தமிழ்ப் பள்ளி என்ற உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு டைரக்டரிடம் சொல்ல அது எடுப்பாக இல்லை. முந்தின நாள் கார் டயர் மாற்றக் காத்திருந்த இடத்தில் டி.வி.யில் ஓடியது ஞாபகத்துக்கு வந்தது.

"மீன் பிடிப்பேன். கிராப்பி. ஸ்பைடர் ரிக்கிங்."

வெர்னன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நானும் அதேதான்! சனிக்கிழமை என் போட்ல போறோம். ராடும் ரீலும் உன்னோடது. ஒருத்தன் எந்த ராடு எடுக்கறான், எந்த ரீல் எடுக்கறான்னு பார்த்தாலே ஆளை எடை போட்டுடலாம், இல்லையா?"

"நிச்சயமா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த இளமாறன், தூண்டில் கடை எங்கே என்று போனில் தேடினான். ஆனால் ஒன்று. பயத்தைவிடக் குஷிதான் அதிகமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் எந்த டைரக்டரும் அவனைக் காபிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். கண்டுபிடித்தது வெண்பாதான்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அந்தாளு ராடு எல்லாம் ஒரே நீளம். நுனியெல்லாம் ஒரே கோட்டுல நிக்குது பாருங்க. அப்பத்தான் எது ஆடுதுன்னு ஒரே பார்வையில தெரியும். நீங்க வாங்கினதை வெச்சா, புல்லாங்குழல் கடையாட்டம் இருக்கும்."

புதன்கிழமை எட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டும் பதினான்கு அடியில் வாங்கி வந்தான். லைன் என்கிற தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் விஷயத்தில்தான் கை மீறிப்போனது. கண்ணாடி அலமாரியில் தங்க நிறத்தில் மின்னிய எட்டு ரீல்களைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. ஒவ்வொன்றும் தேங்காய் பருமன்.

"இதுல என்னங்க மாவாட்டறது?" என்றாள் வெண்பா.

கோலில் மாட்டிப் பார்த்தபோது அடிப்பக்கம் தொப்பென்று கீழே போய் நுனி மின்விசிறியைத் தட்டியது. அடி கனமாகிவிட்டதால் அதைத் தாங்குகிற மாதிரி இன்னும் விறைப்பான கோல் வேண்டும் என்று இளமாறன் முடிவு கட்டினான். மறுபடி கடை, மறுபடி எட்டுக் கோல். இவை மூங்கில் கழிபோல் அசையாமல் நின்றன. ரொம்பத் திருப்தி.

"தீக்ஷா, இந்த லைனைப் பிடி. நீதான் மீன். மெதுவா இழு பார்க்கலாம்."

மகள் இழுத்தாள். நுனி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை.

"அப்பா, ஐ ஆம் அ வெரி சேட் ஃபிஷ்" என்றாள் தீக்ஷா.

அப்போதுதான் அவனுக்குப் புத்தியில் உறைத்தது. கிராப்பி சின்ன மீன். வாயும் மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். நுனி பூமாதிரி வளைய வேண்டும், அடி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ரீலுக்கு இங்கே பெரிய வேலையே இல்லை. லைனைச் சுற்றி வைத்துக்கொள்ளும் சின்ன, லேசான ரீல் போதும், எட்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. வியாழக்கிழமை அவன் நான்காவது முறையாகக் கடைக்குள் நுழைந்தபோது, கவுன்ட்டரில் இருந்த அம்மாள் அவனைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள்.

இந்த முறை எல்லாம் அமைந்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் கையில் இருப்பதே தெரியவில்லை. காற்று பட்டாலே நுனி தலையாட்டியது. இளமாறனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"வெண்பா! இங்க வந்து பாரேன்! உசிரு இருக்கு இதுக்கு!"

"எங்கப்பா ஊர்ல இருந்து போன் பண்ணினாருங்க. 'மாப்பிள்ளை அமெரிக்காவுல ரிக் போடறாராமே, எத்தனை அடியில தண்ணி வருதாம்'னு கேட்டாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

விரித்துப் பழக வேண்டுமே. கோல்களைச் செருகும் தாங்கிக் கம்பியை வேனின் பின்பக்கம் மாட்டி, எட்டையும் செருகி, வாசலில் நிறுத்தினான். நடைபாதையைத் தாண்டித் தெருப் பாதி வரை விரிந்தது தூண்டில். அடுத்த வீட்டு சிவராமகிருஷ்ணன் அங்கிள் நடைப்பயிற்சி முடித்து வந்து அதன் அடியில் குனிந்து நின்றார். பணி ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கக் கமிட்டியில் இருப்பவர்.

"என்னப்பா இளமாறா, இத்தனை ஆன்டெனா? ரேடியோ ஸ்டேஷன் வைக்கப் போறியா?"

"ராடு அங்கிள். ஃபிஷிங்."

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா. கமிட்டிதான் சொல்லும். முன்பக்கம் வேண்டாம், பின்னாடி கொண்டுபோய் என்ன வேணா பண்ணிக்கோ."

பின்னாடி கொண்டு போனான். அங்கிள் வீட்டு வேலிக்கு மேல் கோல்கள் நீண்டன. நிஜ எடையோடு பழகினால்தான் கை பழகும் என்று தூண்டில் முள்ளையும் ஈயக் குண்டையும் கட்டித் தொங்கவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி; அவன் லீவு போட்டிருந்தான், தீக்ஷாவுக்குக் கோடை விடுமுறை. டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. திடீரென்று ஒரு காற்று வந்தது. எட்டு லைனும் ஊஞ்சல்போல் ஆடி வேலிக்கு அந்தப் பக்கம் போயின. அடுத்த நொடி நுனிகள் வளைந்தன. ஒன்று, மூன்று, ஐந்து!

"கடிக்குது! வெண்பா, கடிக்குது!"

எங்கே கடிக்கிறது, எது கடிக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. நான்கு நாள் பார்த்த வீடியோ எல்லாம் கைக்கு இறங்கிவிட்டது. பதறாமல், வெடுக்கென்று இழுக்காமல், பூப்போலத் தூக்கிச் சுற்றினான். வேலிக்கு மேல் வெள்ளையாக ஒன்று எழும்பியது. அங்கிளின் எட்டு முழ வேட்டி. அதிலிருந்து காய்ந்தும் காயாததுமான வடாம்கள் ஆலங்கட்டி மழைபோல் அவன் தலையில் பொழிந்தன.

"அப்பா, யூ காட் அ வேட்டி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் தீக்ஷா.

வேலிக்கு மேல் அங்கிளின் மனைவி விசாலாக்ஷி மாமியின் முகம் தெரிந்தது.

"ரெண்டு நாள் வெயில் போச்சு" என்றாள் மாமி. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாவு கிளறி வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து நீயே பிழிஞ்சு தா. உன் கையில நல்ல பலம் இருக்கு, பார்த்தேன்."

வெள்ளி மாலை, மறுநாள் டைரக்டரோடு போகும் ஏரியின் வரைபடத்தைப் படிக்க வேண்டியவன், மாமி வீட்டுப் பின்முற்றத்தில் குந்தி உட்கார்ந்து முந்நூறு வடாம் பிழிந்தான். வெண்பா பக்கத்தில் நின்று, "நுனியெல்லாம் ஒரே கோட்டுல வரோணுமுங்க" என்று எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையில் வெர்னன் காத்திருந்தார். புதுத் தொப்பி, புதுச் சட்டை. கரையில் இருந்த மேசையில் அவர் மனைவி கோலீன் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். படகில் ஏறியதும் வெர்னன் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீயே ஆரம்பி. உன் முறையை நான் பார்க்கணும்."

பரீட்சை தொடங்கிவிட்டது என்று இளமாறனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு கோலாகச் செருகினான். வெர்னன் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"ஏன் பதினாலு அடி?"

"போட்டோட நிழல் பட்டா மீன் கலைஞ்சிடும். நமக்கு முன்னாடி தள்ளி இருக்கணும்."

"ரீல் ஏன் இவ்வளவு சின்னது?"

"பெருசா வெச்சா நுனி சொல்றது கைக்குக் கேட்காது."

சொன்ன பிறகு தன் பதிலைத் தானே வியந்தான் இளமாறன். வெர்னன் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டார். மார்க் போடுகிறார் போலிருக்கிறது.

பிறகு வெர்னன் மோட்டாரைப் போட்டார். படகு பாய்ந்தது. எட்டு லைனும் பின்னால் பறந்து இருவர் கழுத்தையும் சுற்றின.

"மெதுவா!" என்று இளமாறன் அலறினான். டைரக்டரிடம் கத்திவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வெர்னன் உடனே மோட்டாரை நிறுத்தி, "சாரி, சாரி" என்றார். இதுவும் பரீட்சையின் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். தவறைத் தைரியமாகச் சுட்டிக்காட்டுகிறானா என்று பார்க்கிறார். சிக்கெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மறுபடி விரித்தார்கள். தண்ணீருக்கே தெரியாமல் படகு ஊர்ந்தது. எட்டு நுனிகளும் ஒரே கோட்டில் நின்றன. ஒரு பறவை கூவி ஓய்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது நுனி தலையசைத்தது. ஒரே ஒரு தரம். பிறகு வில்லாக வளைந்தது.

"அதோ! அதோ!" என்று வெர்னன் குழந்தைபோல் எழுந்து குதித்தார். இளமாறன் பூப்போலத் தூக்கினான். வெள்ளித் தகட்டில் மிளகு தூவியது மாதிரி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கிராப்பி துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அதைப் பிடிப்பதற்குள் ஆறாவது வளைந்தது, அப்புறம் முதலாவது, அப்புறம் எட்டாவது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, கோலை மாற்றி மாற்றிப் பிடித்து, கத்தித் தொண்டை கட்டிப்போய், பதினோரு மீன்கள். வெர்னன் அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார்.

அந்தக் கட்டிப் பிடித்தலில்தான் இளமாறனுக்கு மனசு உறுத்தியது. இவ்வளவு வெள்ளந்தியான மனிதரிடம் பொய் சொல்லியா வேலை வாங்குவது? கரைக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். வேலை போனாலும் போகட்டும். மூட்டை கட்டினாலும், தூண்டிலையும் சேர்த்துக் கட்டினால் போயிற்று.

கரையில் வெர்னன், படகை ஏற்றும் வண்டியைக் கொண்டுவரப் போனார். பின்னோக்கி வர முயன்று ஒரு முறை மரத்துப் பக்கம் போனார். இன்னொரு முறை குப்பைத்தொட்டிப் பக்கம் போனார். இளமாறன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. எலுமிச்சை ஜூஸோடு வந்த கோலீனிடம் முதலில் சொல்லிப் பார்ப்போம் என்று தொண்டையைச் செருமினான்.

"மேடம், உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒரு பெரிய பொய்..."

"அது இருக்கட்டும்" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்காவது அந்த நிரந்தர வேலை லெட்டரை உங்ககிட்ட கொடுத்தாரா இல்லையா?"

"எந்த லெட்டர்?"

கோலீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க வேற கம்பெனிக்குப் போகப் போறதா யாரோ சொன்னதுல இருந்து, கொடுத்தா வேண்டாம்னுடுவீங்களோன்னு பத்து நாளா அதைப் பையில வெச்சுக்கிட்டு நடுங்கறார்; உங்களுக்கு மீன்னா உசிருன்னு திங்கட்கிழமை கேட்டுட்டு வந்தவர், தூண்டிலையே தொட்டறியாத மனுஷன், புதன்கிழமை போய் இந்தப் போட்டை வாங்கிட்டார்!"