திருவலையை லெவல் பண்ணின கதை

ஒரு கருவியை வாங்கின உடனேயே அந்தத் தொழிலும் கைவந்துவிட்டது என்று நம்புகிற ஆண்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களில் நான் முன்வரிசை. சில வருடங்களுக்கு முன் மரம் சீவுகிற சீவுளி ஒன்று வாங்கினேன். அந்தக் கிழமையே என் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டதாக மனைவி சொன்னாள் (பாராட்டாகச் சொல்லவில்லை).

சனிக்கிழமை காலைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டுக் கார் கொட்டகையில் மூன்று பேர் கூடுவோம். என்னிடம் கார் இல்லாதபடியால் இடத்துக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து அன்ரன் வருவான். அவனுக்குக் கத்திதான் உயிர். எந்த உருக்கு எத்தனை நாள் கூர் மழுங்காமல் நிற்கும் என்று மணித்தியாலக் கணக்கில் கதைப்பான். அவனுடைய கத்திகள் மாம்பழத்தைத் தவிர வேறெதையும் வெட்டியதில்லை. மற்றவன் சிவநேசன், என்னுடன் படித்தவன். எங்களில் டபுள் கெப் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். வாகனம் ஓட்டத் தெரியாத நான், அந்தக் கெப்பின் கியரைப் பற்றி அவனுக்கே விளக்கம் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பான். அவ்வளவு நல்லவன்.

அவனுடைய மனைவி மங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மூன்றே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அவன் கொஞ்சக் காலம் எங்கள் பக்கம் வரவேயில்லை. திரும்பி வந்த நாள், கெப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு திருவலையை இறக்கினான். தாழ்வான பலாப் பலகை, அதன் முன்னால் பல்லு வைத்த இரும்பு நாக்கு. அதில் குந்தியிருந்துதான் மங்கை முப்பத்தொரு வருடம் தேங்காய் துருவினாள். கனடாவிலிருக்கிற மகள் இன்னும் இரண்டு கிழமையில் வருகிறாள் என்றான். பிள்ளைப்பேறு நேரமென்று தாயின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவள். வந்ததும் அம்மாவின் திருவலையில் இருந்து தேங்காய் துருவிச் சமைக்கவேண்டும் என்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்.

"இரும்பு ஆடுது மச்சான். அந்த ஆணியை இறுக்கிவிடு, காணும்," என்றான்.

ஆணியை இறுக்க எனக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கும் மனிதனாக நடமாடியிருப்பேன். ஆனால் பலகையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, சற்றே இடப்பக்கமாகச் சரிந்து. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. அதைக் கண்டதும் என் கை துடிக்கத் தொடங்கிவிட்டது. நாலு நாள் பின்னேரங்களில் சீவினேன், சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்தேன், இரண்டு தரம் வார்னிஷ் அடித்தேன். அவர் ஆணியைத்தானே இறுக்கச் சொன்னவர் என்று மனைவி கேட்டாள். மரத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நான் அவளைக் கேட்டேன்.

சனிக்கிழமை சிவநேசன் வந்தான். திருவலையை ஒரு துணியால் மூடி மேசையில் வைத்திருந்தேன் (சிலை திறப்பு விழா என்ற நினைப்பு). துணியை எடுத்ததும் அவன் கையை நடுப்பலகையில் வைத்தான். கை முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, மறுபடியும் போனது. வழுவழுப்பில் மயங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

"பள்ளம் எங்க?" என்றான்.

"லெவல் பண்ணீட்டன் மச்சான்," என்று சொல்லி, நம்பமாட்டானோ என்று ரசமட்டத்தையும் எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினேன். குமிழ் அச்சொட்டாக நடுவில் நின்றது.

"அது அவ இருந்த பள்ளமடா."

குரலை உயர்த்தவில்லை. அன்ரன் தன் கத்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

பிறகு சிவநேசன், சீவின சீவல் எங்கே என்று கேட்டான். அதை ஒரு பையில் கட்டி அன்று காலைதான் படலைக்கு வெளியே வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். பை இல்லை. ஒழுங்கையின் முடிவில் மாநகரசபைக் குப்பை லொறி திரும்பிக்கொண்டிருந்தது.

நானும் சிவநேசனும் கெப்பில் பாய்ந்து ஏறினோம். இத்தனை காலம் கெப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த எனக்கு அதன் கண்ணாடியை இறக்கத் தெரியவில்லை. சிவநேசன்தான் ஓட்டிக்கொண்டே இறக்கிவிட்டான். காலி வீதி சிக்னலில் லொறி நின்றது. நான் தலையை வெளியே நீட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"அபே குடு பேக் எக தென்ன!"

மரத்தூளுக்குச் சிங்களத்தில் 'லீ குடு' என்று பெயர். அவசரத்தில் எனக்கு 'லீ' மறந்துபோய்விட்டது. வெறும் 'குடு' என்றால் கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் அது போதைத்தூள்தான். ஆக, பட்டப்பகலில், நட்ட நடு வீதியில், எங்களுடைய போதைத்தூள் பையைத் திருப்பித் தாருங்கள் என்று நான் மாநகரசபையிடம் கேட்டிருக்கிறேன். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர்களோடு ஒரு பொலிஸ்காரரும் திரும்பினார்.

அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் பழகினபடி, கேட்க முன்னமே நான் பெயரையும் விலாசத்தையும் ஒப்புவித்தேன். லொறிக்காரர் கொடுத்த பையைப் பொலிஸ்காரர் கெப்பின் பின்பலகையில் வைத்துப் பிரித்து, மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். சிவநேசனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மெதுவாக, நெடுநேரம் சொன்னான். இடையில் 'மோடயா' என்ற சொல் மட்டும், அதாவது முட்டாள், எனக்குத் தெளிவாக விளங்கியது. யாரைப் பற்றி என்றும் விளங்கியது.

பொலிஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் அதே பைக்குள் போட்டிருந்த வாழைப்பழத் தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். பிறகு பையின் வாயைத் தானே கட்டி, இரண்டு கையாலும் சிவநேசனிடம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பை என் மடியில் இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவன் வீதியைப் பார்த்தபடியே சொன்னான்:

"நீ வேணுமெண்டு செய்யேல்லை. அதுதான் எனக்குக் கோவிக்கவும் ஏலாமக் கிடக்கு."

அடுத்த கிழமை மகள் வந்தாள். அந்த லெவல் பண்ணின பலகையில் இருந்துதான் தேங்காய் துருவினாள். எதையும் மறைக்காமல் நானே அவளிடம் சொன்னேன். நான் குடு கேட்டுக் கத்தின இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பா என்று சொன்னவள், சிரித்தபடியே அழத் தொடங்கி, நெடுநேரம் நிறுத்தவில்லை. சீவலை ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு மங்கையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் 'குடு மாமா'. போன மாதம் கனடாவிலிருந்து மறுபடி வந்திருந்த மகள், ஒரு கல்யாண வீட்டில் என்னை அந்தப் பெயர் சொல்லியே முன்பின் தெரியாத ஒரு சம்பந்திக்கு அறிமுகம் செய்துவைத்தாள். அவர் தன் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சிவநேசன் முழுக் கதையையும் சொன்னான். அவனைப் போல அதைச் சொல்ல ஒருவராலும் முடியாது. பந்தியே சிரித்தது, அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும், எப்போதும் போல, ஒரு கணம் என் கைகளைப் பார்த்தான். வேட்டி கட்டியிருந்த எனக்கு அவற்றை ஒளிக்க ஒரு பை கூட இருக்கவில்லை.