வருகிற வருஷத்து முதல் இடம்

ஆறடி இரண்டங்குல உயரமுள்ள ஒரு டர்னருக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடலாம் என்று பூமாரி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"உயரத்துக்கு மட்டும் நாப்பது போடும்மா," என்றார் ஹெட் கிளார்க் வேங்கடசுப்ரமணியன். "கூடை பத்தடி உசரத்துல தொங்கறது. குள்ளனுக்கு அங்கே என்ன வேலை?"

"டர்னர் வேலைக்கு எத்தனை சார்?"

"அதுக்கு அஞ்சு போட்டாப் போதும்."

மாட்டுங்காவில் இருந்த அந்தப் பட்டறை, உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. டாங்கிக்கு உதிரிப் பாகம் கேட்க ஆள் இல்லை. பெரிய துரை ஜனவரியில் சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். ஏறுவதற்கு முன், மில்களும் பட்டறைகளும் மோதும் கூடைப்பந்துக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. இத்தனை வருஷம் இத்தனை பேரை வேலை வாங்கியதற்கு அடையாளமாக அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆனால் அணியிலேயே உயரமான தளவாய்க்குக் கணுக்கால் நொறுங்கிவிட்டது. ஆட்டத்தில் அல்ல, வார்ப்படச் சாலையில். இரும்பு அச்சு காலில் விழுந்தது. கம்பெனி மிகவும் வருந்தியது. அரையிறுதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

போட்டி விதிப்படி, கம்பெனியின் ஆள் கணக்கில் பெயர் இருப்பவன்தான் ஆடலாம். ஆகவே ஆட்டக்காரன் வேண்டுமென்றால் அவனைத் தொழிலாளியாகவே வாங்க வேண்டும். பரேலில் ஒரு மில்லில் நெட்டையர்கள் மிகுதி. அந்த மில்லின் விளையாட்டுக் காரியதரிசி அனந்தநாராயணன், வேங்கடசுப்ரமணியன் குடியிருந்த அதே மாட்டுங்காக் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தார். காலையில் காப்பியோடு பேசி முடிப்பதை, பத்து மணிக்குப் பூமாரி கம்பெனிக் கடிதமாக டைப் அடிப்பாள். ஃபைலின் மேல் 'ஆள் மாற்று' என்று எழுதியிருந்தது. பட்டறையில் அதற்கு 'அதலா பதலி' என்று பெயர். சனிக்கிழமை ஒருவனிடம் சொல்வார்கள். திங்கட்கிழமை அவன் வேறு கேட்டில் போய் நிற்பான். லேபர் கேம்ப்பில் அவன் குடும்பம் இருக்கும் கம்பெனி லைன் அறையும் அத்தோடு போகும். உனக்குச் சம்மதமா என்று அவனைக் கேட்க ஃபைலில் இடம் இல்லை.

"நீ பி.ஏ. கணக்குதானே? மார்க் போட்டு எந்த மாத்து லாபம்னு சொல்லு," என்றார் வேங்கடசுப்ரமணியன். பூமாரியின் பி.ஏ.யை அவர் எப்போது சொன்னாலும், வைத்தியம் பார்க்காமல் விட்ட வியாதியைச் சொல்வதுபோல்தான் சொல்வார்.

மில் கொடுப்பது சிராஜ், டர்னர், ஆறடி இரண்டு. கேட்பது வெயிலுமுத்து, வார்ப்படக்காரன், ஐந்தடி நாலு. பூமாரி கோடு போட்டு, கட்டம் கட்டி, உயரம், வயது, குறி, மூச்சு என்று பிரித்துக் கூட்டினாள். சிராஜுக்கு எழுபத்தொன்று. வெயிலுமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. லைனிலேயே முதல் பட்டதாரி போட்ட கணக்கு. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த தாளை டைப் மிஷினில் செருகி, அடிக்க வேண்டிய குறிப்பைப் பார்த்தாள். 'சிராஜுக்கு ஈடாக வெயிலுமுத்துவும், கூடவே எங்கள் பட்டறையின் வருகிற வருஷத்து அப்ரெண்டிஸ் சேர்க்கையில் முதல் இடமும்' என்று இருந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது.

பட்டறை வருஷந்தோறும் ஜூன் மாதம் பையன்களை அப்ரெண்டிஸாக எடுக்கும். சண்டைக்காலத்தில் நாற்பது பேர். போன ஜூனில் எட்டு. வருகிற ஜூனில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அஞ்சாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். அதனால் முதல் இடம் ஒன்றுதான் நிச்சயம். மில்காரர்கள் தங்கள் ஆள் ஒருவனை அதில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள்.

அந்த இடம் அவள் தம்பி செல்லப்பாண்டியுடையது.

எட்டு மாதத்துக்கு முன் கிரேன் சங்கிலி அறுந்து அப்பா செத்தபோது, நல அதிகாரி சாகிப் லைனுக்கே வந்து நீல முத்திரை போட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வருகிற வருஷத்து முதல் இடம் மகனுக்கு. "யாருக்கும் காட்டாதே, மத்தவங்களுக்குப் பொறாமை வரும்," என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மா அதை அரிசி டின்னின் அடியில் வைத்தாள். பதினேழு வயதுச் செல்லப்பாண்டி அதுவரைக்கும் தாராவித் தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கிறான். விரலெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்கிறான்.

"இன்னும் எத்தன நாளுக்கா?" என்பான்.

"ஜூன் வரைக்கும்தான்ல," என்பாள்.

பூமாரி எழுந்து போனாள். "சார், இந்த முதல் இடத்தைக் குடுக்க வேண்டாம்."

"ஏன்?"

கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. "மார்க் இடிக்குது சார். முதல் இடத்துக்கு மட்டும் தொண்ணூறு வருது."

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தொண்ணூறா! அடடா, இது தெரியாமப் போச்சே. அப்போ ஒரே ஒரு ஆளுக்கு அதைத் தூக்கிக் குடுக்கறது பைத்தியக்காரத்தனம். ரெண்டு ஆளாக் கேட்டுடறேன்."

மறுநாள் காலைக் காப்பியில் அனந்தநாராயணன் இரண்டு ஆளுக்கும் சம்மதித்துவிட்டார்.

பூமாரி ஓடினாள். "சார், கணக்குல தப்பு. தொண்ணூறு இல்ல, ஒம்பது. பூஜ்யம் ஒண்ணு தப்பா விழுந்துட்டு."

"ஒம்பதுதானா?" அவர் முகம் ஒரு கணம் வாடி, உடனே மலர்ந்தது. "பின்னே என்ன! ஒம்பது மார்க் வஸ்துவை வெச்சுண்டு நாம என்ன பண்ணப் போறோம்? கொசுறாக் குடுத்துடலாம். அனந்துவும் சந்தோஷப்படுவான்."

"சார்..."

"வருகிற வருஷம்தானேம்மா. துரையும் இருக்கமாட்டார், நானும் ரிட்டையர். காத்துல இருக்கற இடம். அடி, அடி, ஜல்தி டைப் அடி."

விலை ஏற்றினால் விற்கிறார்கள், இறக்கினால் சும்மா கொடுக்கிறார்கள். பி.ஏ.யில் இதற்குச் சூத்திரம் சொல்லித்தரவில்லை. பூமாரி கடைசியாகக் கேட்டாள்: "இடத்துக்குப் பதிலா வேற எது குடுத்தா வாங்கிப்பாங்க சார்?"

"ஆள்தான். வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

அவள் அணியின் ஆள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். கோமதிநாயகம், வார்ப்படம், ஐந்தடி ஏழு, வயது இருபத்தெட்டு. முப்பத்தொன்று மார்க் போட்டாள். சங்கிலி அறுந்த அன்று ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், கதவுப் பலகை ஒன்றில் அவள் அப்பாவைக் கிடத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? போடவில்லை. 'முதல் இடத்துக்குப் பதிலாக' என்று அடித்து, கையெழுத்துக்கு வைத்தாள்.

மில் ஒருவன் போதாது என்றது.

"முதல் இடத்துல ஒரேயடியா மோகம் வந்துடுத்து அவாளுக்கு," என்றார் வேங்கடசுப்ரமணியன். "நீ தொண்ணூறுன்னு சொன்னதை நான் வேற காப்பி சாப்பிடறச்சே வாய்விட்டுட்டேன்."

பட்டியலில் அடுத்த பெயரான பிரம்மநாயகத்தையும் சேர்த்து அடித்தாள். அவனுக்கு மார்க் போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

சனிக்கிழமை மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"நான் என்ன தப்பு சார் செஞ்சேன்?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லப்பா. உனக்கு நல்ல மார்க்தான் வந்திருக்கு," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

பூமாரி டைப் மிஷினுக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தாள். கை மையாகிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை மூன்று பேர் போனார்கள், ஒருவன் வந்தான். வந்தவனைச் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்தால் ஐந்தடி பதினொன்று. பட்டாளத்து பூட்ஸோடு மில்லில் அளந்திருக்கிறார்கள்.

"நான் எப்பவும் இவ்வளவுதான் பாய்," என்றான் சிராஜ் இந்தியில், தன்மேல்தான் குற்றம் என்பதுபோல. "பூட்ஸ் அவங்களோடது. திருப்பி வாங்கிட்டாங்க."

வார்ப்படச் சாலையில் ஃபோர்மேன் ஆள் இல்லாமல் மேலும் கீழும் குதித்தார். அணியில் எண்ணிப் பார்த்தால் நாலு பேர். ஐந்தாவது ஆளாக, டைம் ஆபீஸ் வானமாமலையின் பெயரை எழுதினார்கள். அரையிறுதியில் எதிரே வந்தது அதே பரேல் மில்தான். திருஷ்டி கழிக்க வந்தவர் பூசணிக்காயைப் பிடித்திருப்பதுபோல் அவர் பந்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று ஆட்டம் முழுக்கத் தேடினார். எதிரணியில் வெயிலுமுத்து மூன்று பேர் காலிடுக்கில் புகுந்து புகுந்து வந்தான். நாற்பத்துநாலுக்கு ஆறு. அந்த ஆறிலும் நாலுதான் சிராஜ் போட்டது. இரண்டு, மில்காரன் ஒருவன் திசை தெரியாமல் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டது.

பெரிய துரை பாதியில் எழுந்து போனார்.

"போகட்டும். மனுஷன் போட்டோ இல்லாமலே கப்பல் ஏறட்டும்," என்றார் வேங்கடசுப்ரமணியன். "நமக்கு என்ன மிச்சம்?"

"முதல் இடம் மிச்சம் சார்," என்றாள் பூமாரி.

அது போதும் அவளுக்கு. அன்று சாயங்காலம் தம்பிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது, "அஞ்சு விரலும் பத்திரம்ல. ஜூன் மாசம் ஸ்பேனர் பிடிக்கணும்," என்றாள். மூன்று பேரின் முகமும் வரத்தான் செய்தது. வந்தபோதெல்லாம் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று லைன் அறைகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. அதையும் அவள்தான் அடித்தாள். ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் வேங்கடசுப்ரமணியன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பூமாரி மிஷினை மூடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கோமதிநாயகத்தின் அம்மா சொர்ணம்மாள்.

பூமாரி எழுந்து நின்றாள். "ஏச வந்தீங்களா பெரியம்மா?"

"ஏசி என்னத்துக்கு ஆகப்போவுது? ஒனக்கு இட்ட வேலய நீ செஞ்ச." சொர்ணம்மாள் மடியை அவிழ்த்து, நாலாய் எட்டாய் மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "ஒரு காயிதம் வாசிக்கணும் தாயி. கோமதிக்க அப்பன் செத்தப்பம் சாகிப் குடுத்தது. சின்னவனுக்குன்னாரு. இப்பம் பெரியவன மில்லுக்குத் தள்ளியாச்சே, இது செல்லுமா செல்லாதா?"

நீல முத்திரை. தேதி, நாற்பத்திரண்டாம் வருஷம் மார்ச். இங்கிலீஷில் ஐந்து வரி. செத்தவன் பெயரையும் தேதியையும் தவிர, அரிசி டின்னில் இருக்கும் தாளுக்கும் இதற்கும் ஒரு எழுத்து வித்தியாசமில்லை. வருகிற வருஷத்துச் சேர்க்கையில் தங்கள் மகனுக்கு முதல் இடம்.

பூமாரி தேதியை இன்னொரு தரம் பார்த்தாள். "நாலு வருஷம் ஆச்சே பெரியம்மா. போய்க் கேக்கலையா?"

"வருசா வருசம் கேட்டேம். 'வருகிற வருசம்னுதான போட்டிருக்கு, இது இந்த வருசம்லா'ன்னு சொல்லி அனுப்பிருதாவ."

நாற்பத்திரண்டு, அவள் வீட்டுக் கடிதத்தின் நாற்பத்தாறுக்கு முந்தியது. முந்தியதற்கு மார்க் கூடவா, காலாவதி ஆனதற்குக் கழிக்க வேண்டுமா? சீச்சீ என்று சொல்லிக்கொண்டே பூமாரியின் மனசு கட்டம் கட்டத் தொடங்கியது. செல்லப்பாண்டிக்குச் சொல்ல வேண்டிய ஜூன் எது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

"இதை வேற யாருக்கும் காட்டலையே?" பூமாரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் ஏன் காட்டப்போறேன்? பொறாமப்படுவாவன்னு சாகிப் சொல்லியிருக்காருலா. ஆனா மூணு வீட்டுல சாமான் கட்டுறப்பம் மூணு காயிதம் தானா வெளிய வந்துட்டு. அதப் பாத்துட்டு மத்தவளுவளும் போயி அவளுவளுதத் தேடி எடுத்தாளுவ."

சொர்ணம்மாள் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் குனிந்தாள்.

"ஒங்கம்மையையும் சேத்து வெளிய ஒம்பது பேரு நிக்கோம் தாயி, எல்லாத்துக்கும் மொத எடந்தான். மார்க்குப் போடுறது நீதானாமே, இதுல யாரு மொத மொதன்னு மட்டும் பாத்துச் சொல்லிரு."