பெரகல சந்தியில் தொங்கிய கலாநிதி

பெரகல சந்தியில், ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், கலாநிதி மரியநாயகம் தொங்கிக்கொண்டிருந்தார். நீளமான பதாகையில், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. பலாங்கொடைக்குப் போகிற பஸ்ஸில் இருந்த அசல் மரியநாயகம், தன் முகத்தைத் தானே கண்டு பதறிப்போய், மணியடித்து இறங்கினார். அவர் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தோளோரம் மனைவி றீட்டாவின் பூச்செண்டு பாதி தெரிந்தது. ‘பூனாகலை பெற்றெடுத்த புதல்வரே! பல்கலைக்கழகத்தின் கௌரவ விரிவுரைக்குத் தெரிவான உங்களை வாழ்த்துகிறோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவர் பிறந்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழகத்தின் பெயர்.

வாழ்த்தெல்லாம் சரிதான். அவர் இன்னும் தெரிவாகவில்லை என்பதுதான் சிக்கல்.

கௌரவ விரிவுரைத் தொடரில் வருடத்துக்கு ஒருவர்தான் பேசலாம். சம்பளம் கிடையாது; ஒரு சால்வையும் பேரும்தான். மரியநாயகத்தின் பெயர் ஏற்கெனவே சில தடவை தெரிவுக் குழுவுக்குப் போய், போன வேகத்தில் திரும்பியிருந்தது. இந்த முறை கடைசி நான்கு பேரில் ஒருவராக வந்திருந்தார். அடுத்த வருடம் ஓய்வு. தேயிலையின் கொப்புள நோயை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த மனிதர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவன் அந்த மேடையில் ஏறி அதைப் பேச வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை.

ஆனால் நிபந்தனை கடுமை. முடிவு வரும்வரை விஷயம் வெளியே போகக்கூடாது. விளம்பரம் தேடினால் பெயர் அடிபடும். வாசலில் நிற்கும் காரியாலய உதவியாளர் ஜெஸீமின் காதில்கூட விழக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுத்தான், எல்லோரும் டீன் என்று அழைக்கிற பீடாதிபதி இதைச் சொன்னார்.

மரியநாயகம் இதைச் சொன்னது உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம். அந்த ஆளுக்குச் சந்தியிலிருந்தே போன் போட்டார்.

“யார்கிட்ட சொன்ன?”

“மாதாகிட்டகூடச் சொல்லலைங்க,” என்றாள் றீட்டா.

“அப்ப பூனாகலைக்கு எப்படிப் போச்சு?”

“என்னைய நம்பலைன்னா ராத்திரிச் சாப்பாட்டக் கடையில பாத்துக்கங்க.”

போன் வைக்கப்பட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் றீட்டா. அன்றிரவு அவர் பணிஸும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டார்.

பதாகையின் மறுமுனையைக் கட்டிக்கொண்டிருந்த கழகத் தலைவன் றுஷாந்தனை அவர் சந்தியிலேயே பிடித்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, ஊரே பேசிக்கொள்கிறது என்றான். பூனாகலையை விட்டுவிட்டு இங்கே ஏன் என்று கேட்டதற்கு, அவனிடம் தெளிவான விடை இருந்தது. “கொழும்புக்குப் போற வாகனம் எல்லாம் இதத் தாண்டித்தானே மாமா போகணும்.”

பீடாதிபதியின் வாகனமும்தான். புதன்கிழமை அவருக்குக் கொழும்பில் கூட்டம்.

நிபந்தனையைச் சொன்னால் அதுவும் பரவிவிடும் என்று பயந்து, தனக்கு இந்த ஆடம்பரமெல்லாம் பிடிக்காது, தயவுசெய்து கழற்றிவிடு என்று மட்டும் கெஞ்சினார். றுஷாந்தன் கண் கலங்கிவிட்டான். மறுநாளே சாலையின் எதிர்ப்பக்கத்தில் இதைப்போல இரண்டு மடங்கு பெரிய பதாகை ஏறியது. ‘தன்னடக்கத்தின் சிகரமே!’

இனி மறைத்துப் பயனில்லை என்று தோட்டத்துக்கே போய் உண்மையை உடைத்தார். இன்னும் கிடைக்கவில்லை, நான்கு பேரில் ஒருவன், அவ்வளவுதான் என்றார். இதைச் சொல்லியிருக்கவே கூடாது. தோட்டம் பொங்கியெழுந்தது. நம் ஆளுக்குத் தர மறுக்கிறார்களா என்று கேட்டார்கள். மாதா கோயில் ஞாயிறு பூசையில் சாமியார் அவருக்காக விசேஷமாக மன்றாடினார். மாரியம்மன் கோயிலில் தோட்டத்து நல்லையா தன் செலவில் அர்ச்சனை வைத்தார். தராவிட்டால் திங்களன்று யாரும் கொழுந்து பறிக்கப் போவதில்லை என்று பெரியாயி தலைமையில் பெண்கள் முடிவெடுத்தார்கள்.

வேலைநிறுத்தம் என்றதும் மரியநாயகத்துக்கு உயிர் போய்விட்டது. எப்படியாவது அடக்க வேண்டுமென்று, “எனக்குத்தான் கிடைக்கும், பேசாம இருங்க,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவர்கள் பேசாமல்தான் இருந்தார்கள். பேசாமலே விரிவுரை கேட்கப் போக மூன்று லொறி பேசிவைத்தார்கள். தப்பு அடிக்க ஆள் பிடித்தார்கள். நூறு பேருக்குச் சோற்றுப் பார்சல் என்று திட்டம் போட்டார்கள்.

புதன்கிழமை பீடாதிபதியின் வாகனம் பெரகல சந்தியில் தேநீருக்கு நின்றது. இரண்டு பதாகைகளுக்கும் நடுவில் அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதும், யாரோ பெரிய மனிதர் என்று றுஷாந்தன் ஓடிப்போய் வடை கொடுத்ததும், எத்தனை பேர் வருவீர்கள் என்று அவர் விசாரித்ததும், தோட்டமே வருகிறது, நீங்களும் வாருங்கள், சாப்பாடு இருக்கிறது என்று இவன் சிங்களத்தில் அழைத்ததும், அன்று மாலையே மரியநாயகத்தின் காதுக்கு வந்தன. சொன்னவன் றுஷாந்தன். பெருமையாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பீடாதிபதி கூப்பிட்டனுப்பினார். மரியநாயகம் போய் நின்றார். எல்லாம் என் பிழை, என் மனைவியின் வாய், ஊர்க்காரரின் அன்பு என்று மாற்றி மாற்றி உளறினார். பீடாதிபதி கையைப் பிடித்துக் குலுக்கினார். தெரிவுக் குழு ஏகமனதாக அவரையே தெரிந்தெடுத்திருக்கிறது, பெரிய மண்டபத்தை ஒதுக்கச் சொல்லியாகிவிட்டது என்றார்.

வெளியே வந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. கொப்புள நோயின் அருமையைக் கடைசியில் பல்கலைக்கழகம் புரிந்துகொண்டது. இத்தனை சந்தோஷத்தில் ஒரு வாரக் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது பெருந்தன்மையாகாது. அங்கேயே நின்று றீட்டாவுக்குப் போன் போட்டார்.

“கிடைச்சிருச்சு. நீ வெளியில சொன்னதாலதான் இவ்வளவு வில்லங்கமும். போகட்டும், உன்னய மன்னிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்படும் சத்தம்.

கதவோரம் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெஸீம் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக அருகில் வந்தான்.

“போன வருஷம் அந்த மண்டபத்துல உக்காந்து கேட்டது நானும் வாச்சரும் மட்டுந்தான் சேர், அதனால இந்தத் தடவ யாருக்கு ஆள் சேரும்னு பாக்க, டீன் சேர் என்னைய வச்சே நாலு பேரோட ஊருக்கும் போன் எடுத்துச் சொல்ல வச்சாரு, பெனர் கட்டினது உங்க ஊரு மட்டுந்தான்.”