பாக்கெட்டில் வரவேண்டிய பல்

"ஏண்டி, வீட்ல மூட்ட மூட்டயா பல்பொடி கெடக்கு. எம் பல்லுல மட்டும் எப்படிடி காரை புடிக்கும்?" கலியபெருமாள் கண்ணாடி முன்னால் நின்று கத்தினார்.

"பொடி மூட்டையில இருந்தா போதுமா? பல்லுல படணும்ல. ராத்திரியும் தேய்ங்கன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்!" என்றாள் நிர்மலாதேவி அடுப்படியிலிருந்து.

இவளிடம் கேட்டதே தப்பு. தட்டாஞ்சாவடிப் பல்பொடிக் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் மாடாய் உழைக்கிற மனுஷன் அவர். நேற்றுதான் முதலாளி சக்கரபாணி எல்லார் முன்னாலும் சொன்னார்:

"கலியபெருமாளு, புது பாக்கெட்டுல உன் சிரிப்பும் வருதுய்யா. நாளைக்கு சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போ. படம் சரியா வந்துச்சுன்னா சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான்."

குடியிருக்கும் கதிர்காமம் ஏரியா முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இப்போது பார்த்தால் கீழ்வரிசை முழுக்க மஞ்சள் மஞ்சளாய்க் காரை! வயிறு எரியாதா?

ஊக்கை எடுத்துச் சுரண்டினார். காரை அசையவில்லை, ஈறுதான் கிழிந்து ரத்தம் வந்தது. ஆத்திரத்தில் உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துத் தேய்த்தார். உச்சந்தலை வரை எரிந்தது.

"என்னா எழவுடி இது!" என்று குதித்தார்.

"எம்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? டாக்டர்கிட்ட போங்க."

பல் டாக்டர் ஜோவிதா அவரைவிடக் கோபக்காரி.

"ஊக்கால சொரண்டுனீங்களா? அறிவிருக்கா சார்? காரை கல்லா இறுகிட்டா எதப் போட்டுத் தேய்ச்சாலும் போவாது. மெஷின்லதான் எடுக்கணும். இனிமேலாவது காலையிலயும் ராத்திரியும் ஒழுங்கா தேய்ங்க. வாயத் தொறங்க!"

வாயைத் திறந்துகொண்டு பதிலுக்கு எப்படிக் கத்துவது? அதுதான் அவருக்குப் பொறுக்கவே முடியவில்லை.

ஈறு வீங்கியிருந்தாலும் பல் பளிச்சென்று ஆகிவிட்டது. சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். போட்டோக்காரர் லூயிஸ் விளக்கைத் திருப்பி வைத்தார்.

"எங்க, நல்லா சிரிங்க."

சிரித்தார். லூயிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுஷா! யாரு உங்கள கிளீன் பண்ணச் சொன்னது?"

கலியபெருமாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஏன்யா, பாக்கெட்டுல போடற பல்லு நாறிப்போயா இருக்கும்? சூப்பர்வைசர் ஆவப்போறேன்யா நானு!"

"பளபள பல்லுக்கு வேற ஆள நேத்தே படம் எடுத்தாச்சுங்க. 'உபயோகிப்பதற்கு முன்'னு போடத்தான் கம்பெனி முழுக்கத் தேடி உங்களப் புடிச்சாரு மொதலாளி!"